வால்தானே பாக்கி

ஓர் ஊசியும் ஒரு நீல நூலும் சேர்ந்து துணியில் மீன்கொத்தி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தன. சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாகப் போடும் கிராஸ் ஸ்டிட்ச் தையல் அது. ஒவ்வொரு குறிக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறியது.

"அக்கா, உடம்பெல்லாம் முறுக்கிக்கிட்டு வருது. கொஞ்ச நேரம் துணிக்குக் கீழே சும்மா தொங்கேன். நான் சுத்திச் சுத்திப் பிரிஞ்சுக்கிறேன்," என்றது நூல்.

"இந்தச் சிறகு முடியட்டும்," என்றது ஊசி.

சிறகு முடிந்ததும் நூல் மறுபடி கேட்டது.

"வால்தானே பாக்கி. அப்புறம் நாள் முழுக்கத் தொங்கலாம்."

அதன் பிறகு நூல் கேட்கவில்லை. வலி போய்விட்டது என்று ஊசி நினைத்துக்கொண்டது.

வாலில் மூன்றாவது குறி போடும்போது ஊசி மேலே வந்தது, நூல் வரவில்லை. துணிக்குப் பின்னால் அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சாகிக் கிடந்தது. ஊசி பலங்கொண்ட மட்டும் இழுத்தது. முடிச்சு இன்னும் இறுகியது.

"விடும்மா. இதுக்கு மேலே இழுத்தா துணி கிழிஞ்சிரும்," என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோல் நூலை வெட்டியது.

மறுநாள் ஊசியின் காதில் புது நூல் ஏறியது. நாலே குறி தைத்துவிட்டு ஊசி துணிக்குக் கீழே இறங்கித் தொங்கியது.

"ஏன்க்கா நின்னுட்டே? நான் ஒண்ணும் கேக்கலையே," என்றது புது நூல்.

ஊசி அண்ணாந்து பார்த்தது. அங்கிருந்து துணியின் பின்பக்கம் தெரிந்தது. வால் ஓரத்தில் அந்த நீல முடிச்சு அப்படியே இருந்தது.