நடு டேங்க்

விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் வேலையில் இருந்த செங்கோல்ராஜ், சோற்றை எப்போதும் நடுவிலிருந்துதான் சாப்பிடுவார். நடுவில் குழி விழுந்து, இரு ஓரங்களிலும் இரண்டு குவியல்கள் நிற்கும். "நடு டேங்க் பம்புக்குத் தள்ளுற வேகம் அதிகம், ரெஜினா. அந்த எண்ணெய்தான் முதல்ல எஞ்சினுக்குப் போகும். இறக்கையில உள்ளது கடைசி வரைக்கும் கெடக்கணும். அந்தக் கனம் இல்லைன்னா இறக்கை மேல வளையும்." பிறகு இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் எடுப்பார். இரண்டும் சமமாக இறங்க வேண்டுமாம். "பிள்ள பாத்துப் பழகிரும், ஒழுங்கா சாப்பிடுங்க" என்று ரெஜினா நாற்பது வருஷம் திட்டியிருக்கிறாள்.

அவர் இறந்த மூன்றாம் மாதம், வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இருக்கப் புறப்பட்டாள். அவளுக்கு அதுதான் முதல் விமானம். ஜன்னலுக்கு வெளியே இறக்கை லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி எலுமிச்சைச் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

பணிப்பெண் வந்து கை நீட்டினாள். "முடிச்சிட்டீங்களாம்மா?"

ரெஜினா குனிந்து பார்த்தாள். தட்டின் நடுவில் குழி விழுந்திருந்தது. இரு ஓரங்களிலும் சோறு சமமாக நின்றது.

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எடுத்துராதம்மா. இறக்கையில இன்னும் இருக்கு."