சத்தக்கார வீடு

“இன்னைக்கு அந்தப் பிள்ளைய நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் மறுவேலை.”

சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார் கோலப்பன். மூன்று மாதக் கோபம்.

பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்த ஜின்சி, வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். காலையில் எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு தடவை, ஜன்னலைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவாள். பாட்டா அது? யாருடைய கழுத்தையோ பிடித்து நெரிக்கிற மாதிரி ஓர் உறுமல். கூடவே தகரக் கூரையில் தேங்காய் உதிர்கிற மாதிரி டிரம்ஸ்.

மனைவி அன்னக்கிளி வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

“விட்டிருங்கோ. சின்னப் பிள்ள, பாவம்.”

“நீ உள்ள போ. ஒனக்கு என்ன தெரியும்? சொன்னாக் கேக்கலன்னா வீட்டுக்காரர்ட்ட சொல்லிக் காலி பண்ண வச்சிருவேன்.”

கதவைத் திறந்த ஜின்சி கறுப்பு பனியன் போட்டிருந்தாள். நெஞ்சில் ஒரு மண்டையோடு இளித்தது.

“வாங்க மாமா. சாயா போடட்டா?”

“சாயா ஒண்ணும் வேண்டாம். நீ போடுகியே ஒரு பாட்டு, அது மனுஷன் பாடுகதா, மாடு கத்துகதா?”

அவள் சிரித்துவிட்டாள். “அது ஹெவி மெட்டல் மாமா.”

“பேரே இரும்புக் கடையாட்டுல்லா இருக்கு! முப்பது வருஷமா கோயில்ல பஜனை பாடுகேன். எனக்கு ராகம் தெரியும், தாளம் தெரியும். இதுல ரெண்டும் கெடையாது.”

“இருக்கு மாமா. ஒரே ஒரு பாட்டு கேளுங்க. பிடிக்கலன்னா நான் இனி போடவே மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள்.

ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கழற்றி வீசலாம் என்று நினைத்தார். இரண்டு கிடார்கள் ஒன்றாகக் கிளம்பின. ஒன்று மேலே போக, இன்னொன்று கீழேயே நின்று அதைத் தாங்கியது. நடுவில் ஒரு பெண்குரல் நிதானமாக ஏறி, உச்சியில் போய் நின்றது. கோலப்பனின் வலது கை அவரைக் கேட்காமலே தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

“இதுல உறுமலக் காணுமே?”

“இது சிம்பொனிக் மெட்டல். வயலின், கோரஸ் எல்லாம் வரும். அடுத்து பவர் மெட்டல் கேளுங்க.”

“ஆகா, குதிர ஓடுக மாதிரில்லா போகு!”

“இது மெலோடிக் டெத் மெட்டல்.”

“டெத்தா? சாவா?”

“பேருதான் அப்பிடி. ஆளு உறுமுவான், கிடார் பாடும்.”

கேட்டார். உறுமல் அதே உறுமல்தான். ஆனால் அதற்கு அடியில் கிடார், நம்ம சுபபந்துவராளி ராகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது.

“இவன் எதுக்குப் பிள்ள இந்தக் கத்து கத்துகான்?”

“அவனுக்க அம்மா செத்துப் போச்சு மாமா. அதையாக்கும் பாடுகான்.”

கோலப்பன் அந்தப் பாட்டை முடிவுவரை கேட்டார். பிறகு, “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றார். “அந்தச் சாயா போடுகேன்னியே?”

மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்பினார். “நல்ல பிள்ளையாக்கும்” என்றார் மனைவியிடம், ஏதோ அவள்தான் குறை சொன்னது மாதிரி.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜின்சி வீட்டில் ஆஜர். பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் இதைக் கிண்டல் செய்தபோது, “பவர் வேற, சிம்பொனிக் வேற. தெரியாமப் பேசப்பிடாது” என்று அடக்கினார்.

ஆனால் காலை எட்டு மணி உறுமல் மட்டும் நிற்கவில்லை. சாயங்கால உறுமலும் அப்படியே. முன்பு சத்தம் பொறுக்காமல் வந்த எரிச்சல், இப்போது ரசிகனின் எரிச்சலாக மாறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டார்.

“மக்கா, இத்தன நல்ல சரக்கு கையில வச்சிருக்க. காலையிலயும் சாயங்காலமும் மட்டும் ஏன் அந்த மெலோடி இல்லாத காட்டுக் கத்தலப் போடுக? கேக்கியவன் நம்ம மெட்டல என்ன நெனப்பான்?”

ஜின்சி தயங்கினாள்.

“மெலோடியும் போட்டுப் பாத்தேன் மாமா. சரிப்படல்ல. அதையும் மீறி வெளிய கேக்கு.”

“எது கேக்கு?”

“உங்க சத்தம்.”

“என் சத்தமா?”

“வெந்நீர் ஆறிப் போச்சுன்னு காலையில... காப்பியில சீனி இல்லன்னு சாயங்காலம்... மாமியப் பிடிச்சு ஏசுகது.”

கோலப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“எனக்க வீட்டுல நான் என்னவும் சொல்லுவேன்! ஒன்ட்ட யாரு கேட்டா இந்த உபகாரத்த? சொல்லு, யாரு கேட்டா?”

ஜின்சியின் கை, பழக்க தோஷத்தில், ஸ்பீக்கரின் திருகு பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

“மாமிதான். நான் குடி வந்த மறுநாளே வந்தாவ. ‘தெருவுல போற பஜனை ஆளுவ மாமா மேல மதிப்பு வச்சிருக்காவ, அந்தப் பேரு கெட்டிரப்பிடாது. அவிய கத்த ஆரம்பிச்சா, அத விட வலுசா கத்துக பாட்டு ஒனக்கிட்ட ஏதாவது இருந்தாப் போடு மக்ளே’ன்னு கேட்டுட்டுப் போனாவ.”