எல்லை தாண்டிய பேட்ஜ்

“யாரு பேட்ஜ்ல அளவு கூடியிருக்கோ, அவங்க இனிமே இந்தக் கட்டடத்துல கால் வைக்கக் கூடாது. அப்படியே எழுதிக்கங்க சார்” என்றார் சிவசுப்பிரமணியன்.

சென்னையிலிருந்து வந்திருந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜவஹர் அலி ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

சிவசுப்பிரமணியனுக்கு மனம் குளிர்ந்தது. காரைக்காலில் அவருடைய ஸ்கேன் சென்டருக்கு மூன்று பெயர்ப்பலகைகள். மூன்றிலும் ‘ஸ்கேன்’ என்ற சொல்லைவிட அவர் பெயர் பெரியது. ‘டைரக்டர்’ என்று கூப்பிடாதவர்கள் பேசினால் அவருக்குக் காது கேட்காது. அந்தக் காதில் ஐந்து வருஷமாக ஓதிக்கொண்டிருந்தவள்தான் எதிரே நிற்கும் அல்லி. எக்ஸ்ரே எடுப்பவள்.

கர்ப்பமா என்று கேட்காமல் எந்தப் பெண்ணையும் மெஷின் முன்னால் நிறுத்த மாட்டாள். துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பாமல் பொத்தானை அமுக்க மாட்டாள். ஈயக் கவசத்தை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும் என்று கூட்டிப் பெருக்குகிற அம்மாவோடு தினமும் சண்டை. இதெல்லாம் போதாதென்று, போன வருஷம் இடம் போதாதென்று டைரக்டர் இடித்த எக்ஸ்ரே அறைச் சுவருக்குப் பதில் பிளைவுட் அடித்தது தப்பு, செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று நாலு கடிதம் வேறு. ‘மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களுக்கு’ என்ற வரியை மட்டும் அவர் ரசித்துப் படித்தார். அதற்குக் கீழே போனதில்லை.

இப்போது அவளே வசமாக மாட்டிக்கொண்டாள். எக்ஸ்ரே ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பிவைத்தால், எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று அளந்து சொல்வார்கள். இந்த முறை ஒரு பேட்ஜ் எல்லை தாண்டிவிட்டது. தகவல் வந்த அன்றைக்கே டைரக்டர் அல்லியின் வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். நம்பரை ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. பேட்ஜ் போடுவது அல்லி, செந்தில்குமார் என்று இரண்டு பேர். அதில் எதிர்த்துப் பேசுவது ஒரே ஆள். அவருக்கு அது போதும்.

“சார், நான் ஈயக் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுதான் படம் எடுப்பேன். ஒரு நாளும் தாண்டி வந்ததில்லைங்க” என்றாள் அல்லி. குரல் நடுங்கியது. கதிர்வீச்சில் அலட்சியம் என்று ஒரு வரி எழுதிவிட்டால், காரைக்கால் மட்டுமில்லை, கும்பகோணம் வரைக்கும் யாரும் அவளை எக்ஸ்ரே அறைக்குள் விடமாட்டார்கள்.

“அப்ப பேட்ஜ் பொய் சொல்லுதாம்மா?”

“பேட்ஜ் பொய் சொல்லாதுங்க. அதுக்குத் தடுக்கத் தெரியாது, பட்டதைச் சொல்லத்தான் தெரியும்.”

“பாத்தீங்களா சார், அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

ஜவஹர் அலி டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். “இது சின்ன விஷயமில்லை, டைரக்டர் சார். இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. வலிக்காது, சுடாது. இதே மாதிரி வருஷக்கணக்கா சேந்தா புத்துநோய் வர்ற வாய்ப்பு கூடும்.”

“அதைத்தான் நானும் தலைதலையா அடிச்சுக்கிறேன். அலட்சியம் சார். என்னைப் பாருங்க, எக்ஸ்ரே ரூம் வாசப்படியைக்கூட மிதிக்கிறதில்லை. காலையில வந்து இந்த நாற்காலியில உட்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். பாதுகாப்புன்னா அப்படி இருக்கணும்.”

“எழுதிக்கவா?”

“தாராளமா.”

அதையும் எழுதிக்கொண்டு ஜவஹர் அலி அறிக்கையைப் பிரித்தார். “உங்க பேட்ஜ் நம்பர் என்னம்மா?”

“பதினேழு, சார்.”

“ஒண்ணுமே படலை. சுத்தமா இருக்கு.”

அல்லிக்கு மூச்சு திரும்பி வந்தது. டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள் மாறினால் என்ன, தண்டனை மாறக்கூடாது. “அப்ப செந்தில்குமாரா? கமுக்கமா இருந்துக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கான் பாருங்க. அந்தக் கடிதத்துல பேரை மாத்தச் சொல்றேன்.”

“அவருது பதினெட்டு. அதுவும் சுத்தம். கூடியிருக்கறது பதினாறாம் நம்பர்.”

“பதினாறு எவனா இருந்தாலும் இன்னைக்கே வெளியில போகட்டும் சார். எனக்கு ஆள் முக்கியமில்லை.”

“அது ஆளுக்குக் குடுக்கிறதில்லைங்க” என்றார் ஜவஹர் அலி. “மத்த பேட்ஜோட ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காக, கதிர்வீச்சு துளிகூட இல்லாத இடத்துல மாட்டி வைக்கச் சொல்லி அனுப்புற பேட்ஜ். அதை எங்கம்மா மாட்டினீங்க?”

அல்லியின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. “இந்தத் தடவை டைரக்டர் சாரே வாங்கி ஆணி அடிச்சு மாட்டினாங்க, சார்” என்று டைரக்டரின் தலைக்கு நேர் பின்னால் கையைக் காட்டினாள். “இந்தப் பிளைவுட்டுக்கு அந்தாண்டதான் ஆளுங்களை நிறுத்தி, இந்தப் பக்கம் பாத்து நெஞ்சு எக்ஸ்ரே அடிக்கிறோம். நாலு கடிதத்துலயும் நான் சுவர் கேட்டது எனக்கில்லைங்க, இவங்க முதுகுக்கு.”