கொட்டாஞ்சேனையின் நல்ல மருமகள்

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த பிறிஜெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு மெற்றில்டா அக்கா விடவேயில்லை.

"உன்னைப்போல ஒரு மருமகள் ஆருக்குக் கிடைக்கும்? உன்னில ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது, பிள்ளை."

சொல்லும்போது அக்காவின் கண்கள் வேறு கலங்கியிருந்தன. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று பிறிஜெற்றுக்குத் தோன்றியது.

இந்தக் கிழமை முழுக்க இதே பாட்டுத்தான். பாண் கடையில் கேட்டாள், சந்தையில் மீன்காரி வாயாலும் கேட்டாள். ஊரெல்லாம் போய் அவளைப் புகழ்ந்து வைத்திருப்பவர் அவளுடைய மாமனார் ஹியூபேட்.

கிழவர் லேசுப்பட்டவரல்ல என்று அவள் பல்லைக் கடித்தாள்.

கணவன் ஹெக்டர் செத்து ஏழு வருடம். அவனுடைய தகப்பனுக்குச் சமைத்துப் போட்டு, உடுப்புத் தோய்த்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தது அவள்தான். செய்தது போதும், இனிக் கொஞ்சம் தனக்காக இருந்தால் ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று நினைத்துத்தான், களனிப் பக்கம் ஒரு வயோதிபர் மடத்துக்குப் போன் எடுத்து இடம் கேட்டிருந்தாள். இன்று பின்னேரம் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். கிழவரிடம் சொல்வதுதான் பாக்கி.

ஆண்டவர் பொறுத்தாலும் கொட்டாஞ்சேனை பொறுக்குமா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. இத்தனை பேர் இவ்வளவு சொன்ன பிறகு அவரை எப்படிக் கொண்டுபோய் விடுவது? விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்து, மனிதர் புகழ்ந்தே அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தார்.

இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று வேகமாக நடந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாமனார் நத்தார்ப் பண்டிகைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு கதிரையில் இருந்தார். காலடியில் உடுப்புப் பை, வாய் கட்டி ஆயத்தமாக இருந்தது.



"நீ போனில கதைச்சது கேட்டது, மகள். நான்தான் போகவேணுமெண்டு ஒத்தைக்காலில நிக்கிறன், நீ விடமாட்டனெண்டு அழுறாய் எண்டு எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன். இனி உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

பிறிஜெற் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்தப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விடமாட்டேன் என்று அழுதாள்.