நட்பு வகுப்பு

கலவரம் ஓய்ந்து பள்ளி திறந்தபோது, மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒட்டு உறவில்லாமல் மூன்று மூலையில் உட்கார்ந்தார்கள். அவர்களைச் சேர்த்துவைக்க, விளையாட்டு நேரத்தை எடுத்து 'நட்பு வகுப்பு' நடத்தினாள் டீச்சர்.

இன்று கல்வி அதிகாரி வருகிறார். பிள்ளைகள் ஒட்டவில்லையென்றால் இனத்துக்கு ஒரு வகுப்பாகப் பிரித்துவிடுவாராம்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றித் தலையோடு தலை முட்டக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சருக்குக் கண் கலங்கியது.

"பிரமாதம் டீச்சர்! இவங்களைப் பிரிக்கவே வேண்டாம். ஏம்மா, அப்படி என்ன ரகசியம் பேசுறீங்க?"

வாயாடிப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். "உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் சார். இந்த நட்பு வகுப்பை நிறுத்திடுங்க. 'கையைப் பிடி, சிரி'ன்னு டீச்சர் உயிரை வாங்குறாங்க. எங்களுக்கு விளையாட்டு வேணும்."

அதிகாரி தாடையைத் தடவினார். "நல்லாத்தான் வேலை செய்யுது டீச்சர். இனிமே தினமும் எடுங்க."

"ஐயோ!" என்று மூன்று இனமும் ஒரே குரலில் அலறியது.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி, "என்ன ஒற்றுமை!"