நாகப்பனின் ஜப்பான் பாஷை

தனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று நாகப்பன் கூசாமல் பொய் சொன்னான். தேயிலை எஸ்டேட் மண்டபத்தில் லயத்து வீட்டு ஜனம் முழுதும் கூடியிருந்தது.

வேறு வழியில்லை. வீடியோ வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்டைப் படம் போடுவான் என்று நம்பி வந்த கூட்டம். ஓடியதோ ஜப்பான் பொம்மைப் படம். அதுவும் இரண்டாம் பாகம்.

"மொதப் பாகம் எங்கடா?" என்றாள் முன்வரிசை வேலாயி.

"கடையில இல்லலா அக்கா. அதையும் நானே சொல்லிடறேன்."

பக்கத்து ஊர் திரிங்காப்பில், ஒரு பூந்தோட்டத்தில் ஜப்பான்காரர் ஒருவரிடம் மூன்று மாதம் வேலை பார்த்தானாம். அந்த மனிதர் இருந்ததே நாலு நாள். வாயைத் திறந்ததில்லை. குனிந்து குனிந்து கும்பிட்டதோடு சரி.

கடைசி வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுவே, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தங்கச்சி அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இத்தனையும்.

லயமே 'டீச்சரம்மா' என்று கூப்பிட்ட பெண். மூன்றாம் படிவப் பரீட்சையில் தவறிவிட்டாள். "இனிமே நான் யாருண்ணே?" என்று ஒரு தடவை கேட்டாள். அதோடு மூடிய வாய்தான். ஒரு மாதமாக யாரிடமும் பேச்சில்லை. மறுபடி படிக்கப் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள். அண்ணன் தங்கச்சி கதையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று டவுன் வீடியோ கடைச் சீனரிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தான்.

படத்தில் ஒரு பெண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரமாக அதே வேலை.

"என்னடா செய்யுது அது?"

"பரீட்சையில பெயிலாயிடுச்சுக்கா. யோசிக்குது."

"கண்ணு ஏன் இம்மாம் பெருசு?"

"படிச்சுப் படிச்சு."

ஆத்தா அப்பன் எங்கே என்று கேட்டார்கள். கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார்கள் என்றான். ஜப்பானிலும் கங்காணி உண்டா என்றார்கள். உண்டு, அங்கே அவனும் நம்மைக் கும்பிடுவான் என்றான். மண்டபத்துக்கு ஜப்பானை ரொம்பப் பிடித்துப்போனது.

கடைசியில் அந்தப் பெண் ஒரு கடிதத்தைப் பிரித்தாள். படித்தாள். விக்கி விக்கி அழுதாள். நாகப்பன் படத்துக்குக் கிட்டே போய் நின்றான்.

"பாஸாயிடுச்சு," என்றான். "ரெண்டாவது தடவை எழுதி பாஸு. சந்தோசத்துல அழுவுது. அண்ணன்காரன் சொல்றான், பெயிலானப்பவும் நீ என் தங்கச்சிதாம்மா, இப்பவும் என் தங்கச்சிதாம்மான்னு."

வேலாயி மூக்கைச் சிந்தினாள்.

படம் முடிந்ததும் அம்சவல்லி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் விடுவிடென்று வெளியே போய்விட்டாள். நாகப்பன் முகம் செத்துப்போனது. இவ்வளவு புளுகியும் ஒன்றும் நடக்கவில்லை.

வேலாயி கிட்டே வந்தாள்.

"ஏண்டா, படத்துக்குக் கீழயே மலாய்ல எல்லாம் எழுதி ஓடிச்சாமே. எம்மவ இப்பத்தான் சொல்றா. ஒனக்குப் படிக்கத் தெரியாது, சரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குமா தெரியாது?"

நாகப்பன் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "ஒருத்தரும் சிரிக்கலியேக்கா."

"எப்படிடா சிரிக்கும்? ஒந்தங்கச்சி ஆரம்பத்துலயே மெரட்டி வச்சிட்டாளாம். 'எங்கண்ணன் சொல்றதுதான் கதை. எவனாச்சும் பல்லக் காட்டினீங்க, நாளைக்குப் பள்ளிக்கூட லோரியில வச்சு ஒதைப்பேன்'னு."