குவைத்தில் ஒரு வட்டம்

மகள் பத்மினி போனில் குவைத்தைத் தேடிப் பிடித்து, அதற்குள் ஒரு பேட்டையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாள்.

காசளவு வட்டம். ஊர் மாறாமல் இருந்தால் சிட்டிபாபு அதற்குள்தான் இருக்க வேண்டும்.

அம்மா பாப்பாத்தி கிட்டே குனிந்து பார்த்தாள்.

ஆறு வருஷம். தகப்பன் ரங்கையாவோடு சண்டை போட்டு, உன் சாவுக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன். நம்பரையும் மாற்றிவிட்டான். அங்கே தண்ணி லாரி ஓட்டுகிறான் என்று, திரும்பி வந்த ஒருவன் பேட்டையின் பெயரை மட்டும் சொன்னான்.

அவர்கள் ஊரான குடிபாலாவில் சாவு என்றால் வீடு வீடாக ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுக்காரன் வரமாட்டான். வரவில்லை என்று அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"எந்தத் தெருன்னே தெரியாதவனுக்கு எப்பிடிடி சாவு சொல்லுவ?" என்று காலையில் பாப்பாத்தி கேட்டிருந்தாள்.

பத்மினிக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு விளம்பரம் செய்கிற வேலை. புனேவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் திருப்பதியில் ரூம் என்று கூகுளில் தட்டினால், அவள் லாட்ஜ்தான் முதலில் வந்து நிற்கும். ஃபேஸ்புக்கிலும் அப்படித்தான், ஊரையும் வயசையும் பாஷையையும் சொல்லிவிட்டால் அந்த ஆட்களுக்கு மட்டும் கொண்டுபோய்க் காட்டும் என்றாள்.

ஆண். முப்பதிலிருந்து நாற்பது. தமிழ், தெலுங்கு.

படத்தில் ரங்கையா சந்திரகிரிக் கோட்டை முன்னால் தலை படிய வாரி நின்றார். மகள் அதற்கு மாலை போட்டாள். பக்கத்தில் குத்துவிளக்கு வைத்தாள். பெயருக்கு முன்னால் அமரர், கீழே நாளை அடக்கம், அதற்கும் கீழே தன் நம்பர். பாப்பாத்தி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மணியம்மாவின் போனிலும் இது வருமா என்று பாப்பாத்தி கேட்டாள். வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்றாள் மகள்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரியாதாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியுமாம். பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உலை வைத்தபோது விளம்பரத்தை நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். அது கொதிப்பதற்குள் நானூறு. சோறு வடிக்கும்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பேட்டைக்குள் இத்தனை வீட்டுப் பிள்ளைகளா!

முகம் தெரியாதவர்கள் கைகூப்பினார்கள். கடப்பாக்காரன் ஒருவன், தஞ்சாவூர்க்காரன் ஒருவன். இன்னொருவன், என் அப்பாவை எடுத்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை, இந்தப் பெரியவரையாவது கும்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். மகள் அதைப் படித்ததும் பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிட்டிபாபு மட்டும் இல்லை.

யாரும் சாப்பிடவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். பத்மினி ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் லாரி இன்ஜின் உறுமுகிற சத்தமும், அதற்குள் ஒரு ஆம்பிளை தேம்புகிற சத்தமும்தான் வந்தன. பெற்றவளுக்குத் தெரியாதா அது யார் என்று.

"எம்மா, நைனாவ எடுத்துடாதீங்கம்மா. நான் வந்துகினே இருக்கேன்."

பாப்பாத்தி நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரங்கையா, பாதி உடைத்த கடலையைக் கையிலேயே வைத்திருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. பேசாதே என்று அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பிறகு, போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சொல்லி மகளுக்குக் கை காட்டினார்.